திம்பம் இறக்கத்தில் சந்தித்தவர்கள்

அல்சூர்க்காரர் எழுதுகிறார்:

பெங்களூரில் பைக் வைத்திருக்கும் பலருக்கும் மலைச்சாலை என்றால் நந்தி மலைதான். விடியலுக்கு முன் கிளம்பி, பனி விலகுவதற்குள் மேலே ஏறி, காலைச் சிற்றுண்டிக்கு வீடு திரும்பிவிடலாம். ஆனால் மலையில் வண்டி ஓட்டுவது என்றால் என்ன என்று எனக்கு விளங்கியது சத்தியமங்கலம் காட்டு மலைப்பாதையான திம்பத்தில்தான். விளங்கவைத்தவர்கள், அந்தப் பாதையில் பாரம் ஏற்றிப் பிழைக்கும் லாரி ஓட்டுநர்கள். ஆகவே மலையின் அழகைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை.

சனிக்கிழமை அதிகாலை கனகபுரா சாலையில் கிளம்பி மளவள்ளி, கொள்ளேகால், சாமராஜநகர் என்று போனோம். அதுவரை சொல்ல ஒன்றுமில்லை. சாமராஜநகரைத் தாண்டிப் புணஜனூர் சோதனைச் சாவடி வந்ததும் காடு சூழ்ந்துகொள்கிறது. எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் காரப்பள்ளம், ஆசனூர், அப்புறம் திம்பம். அங்கிருந்து பண்ணாரி அடிவாரம் வரை 27 கொண்டை ஊசி வளைவுகள். 2013-இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட சத்தியமங்கலம் காடு இது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2022 பிப்ரவரியிலிருந்து இரவுப் போக்குவரத்துக்குத் தடை நடைமுறையில் இருக்கிறது. பகலிலேயே கடந்துவிடும்படி கிளம்ப வேண்டும்.

எங்கள் குழுவை நடத்துபவர் அல்சூரில் மெக்கானிக் கடை வைத்திருக்கும் அண்ணன். அவர் முன்னால் போக மாட்டார். கடைசி வண்டி எப்போதும் அவருடையது. முதல் இடம் வழி தெரிந்தவருக்கு, இரண்டாவது இடம் குழுவிலேயே மெதுவாக ஓட்டுபவருக்கு. மெதுவாக ஓட்டுபவரைக் கடைசியில் விட்டால், மற்றவர்களைப் பிடிக்கும் பதற்றத்தில் தன் கைக்கு மீறி முறுக்குவார், வளைவில் விழுவார் என்பது அண்ணனின் கணக்கு. நெடுஞ்சாலையில் இடமும் வலமுமாக மாறி மாறி வருவோம். மலை தொடங்கிவிட்டால் ஒற்றை வரிசைதான்.

காரப்பள்ளத்தைத் தாண்டிச் சற்று தூரம் போயிருப்போம். கரும்பு ஏற்றிய லாரி ஒன்று சாலை நடுவில் நின்றிருந்தது. ஓட்டுநர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, உள்ளங்கையைத் தரையை நோக்கி அமுக்கி அமுக்கிக் காட்டினார். நின்றோம். லாரியின் இடப்பக்கம் ஒரு பெண் யானை, அதன் வயிற்றுக்கடியில் குட்டி. தாய் துதிக்கையை உயர்த்தி, கயிற்றுக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்த கரும்புகளைத் துழாவி, ஒன்றைச் சுற்றி வளைத்து உருவியது. கரும்பு முறிகிற சத்தம் ஹெல்மெட்டுக்குள்ளும் கேட்டது. துதிக்கை நுனியால் தோகையை மட்டும் தனியே கழித்துப் போட்டுவிட்டுத் தண்டை வாய்க்குள் தள்ளியது. குட்டி அந்தத் தோகையை மிதித்து விளையாடிக்கொண்டிருந்தது.

அண்ணன் ஏன் கடைசியில் வருகிறார் என்பது அப்போது இன்னொரு விதமாகவும் புரிந்தது. பைக்கில் பின்னோக்கிப் போக கியர் கிடையாது. யானை நம் பக்கம் திரும்பினால், எட்டு வண்டிகளும் ஒன்றின் மேல் ஒன்று சிக்கிக்கொள்ளும். முதலில் அவர் தன் வண்டியை வந்த வழியை நோக்கித் திருப்பி நிறுத்தினார். அவருக்கு முன்னால் இருந்தவர் அடுத்து. இப்படிப் பின்னாலிருந்து ஒவ்வொருவராக, என்ஜினை முறுக்காமல், காலால் உந்தித் திருப்பிக்கொண்டோம். யாரும் ஹாரன் அடிக்கவில்லை. யாரும் கைப்பேசியை எடுக்கவில்லை. பின்னால் வந்த கார் ஒன்றுதான் முகப்பு விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தது. அண்ணன் நடந்துபோய், “குட்டியோடு நிற்கிறது சார், தயவுசெய்து அணையுங்கள்” என்றார். அணைத்துவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் தாய் குட்டியை முன்னே விட்டுக் காட்டுக்குள் இறங்கிப் போனது.

ஆசனூர் தேநீர்க் கடையில் அந்த லாரி ஓட்டுநரே வந்து எங்களோடு உட்கார்ந்தார். கோபிசெட்டிபாளையத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். “யானையைக் கரும்புக்குப் பழக்கியது எங்கள் ஆட்கள்தானுங்க. வழிவிட்டால் போதும் என்று நாலு கட்டைத் தூக்கி வீசினார்கள். இப்போது வீசினால் வனத்துறை அபராதம் போடுகிறது. யானை மறக்குமா?” என்றார். பிறகு எங்கள் வண்டிகளை ஒருமுறை பார்த்துவிட்டு, இறக்கத்தைப் பற்றித் தானாகவே பேச ஆரம்பித்தார்.

“தம்பி, வளைவில் லாரி உங்கள் பக்கத்துக்கு வந்தால் திமிர் என்று நினைக்காதீர்கள். நீள வண்டி அப்படி அகலமாக எடுத்தால்தான் திரும்பும். பாரத்தோடு ஏறுகிறவன் நடுவில் நின்றுவிட்டால் மறுபடி கிளப்ப உயிர் போகும். மேலிருந்து வருகிற நீங்கள் வளைவுக்கு முன்பே நின்றுவிடுங்கள். இறங்குகிற லாரிக்கு முன்னால் போய் மட்டும் படம் எடுக்க நிற்காதீர்கள். உங்களுக்கு நினைத்த இடத்தில் நிற்க முடியும், எனக்கு முடியாது.” எந்த கியரில் ஏறுவீர்களோ அந்த கியரிலேயே இறங்குங்கள் என்றும் சொன்னார்.

சொல்லி அரை மணி நேரத்துக்குள் எல்லாம் கண்ணெதிரே நடந்தது. மேலிருந்து சில வளைவுகள் இறங்கியபோது கீழே ஹாரன் கேட்டது. முதல் வண்டி வளைவுக்கு நன்றாக மேலேயே நின்றது. ஏறி வந்த லாரி முழுச் சாலையையும் எடுத்துக்கொண்டு திரும்பியது. அதன் முன்மூலை எதிர்ப்பக்கத் தடுப்புச்சுவரை உரசாத குறை. பின்சக்கரத்தோடு சேர்ந்து கிளீனர் பையன் கையில் மரக்கட்டையுடன் நடந்து வந்தான், வண்டி பின்வாங்கினால் அடைகொடுக்க. நாங்கள் வழக்கம்போல் வளைவுக்குள் நுழைந்திருந்தால் எங்களுக்கு ஒதுங்க ஓர் அடி இடமும் இருந்திருக்காது. அகலம் போதாத மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கே முன்னுரிமை என்று சாலை விதியிலும் இருக்கிறது. அது ஏன் என்பதை அந்தப் பையனின் கையிலிருந்த கட்டையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

பாதி இறக்கத்துக்கு மேல், எங்களில் ஒருவருடைய பின்பிரேக் மிதி தளர்ந்து உள்ளே போகத் தொடங்கியது. கருகிய வாடை. பிரேக் எண்ணெய் சூடேறிக் கொதித்தால் உள்ளே குமிழி கட்டும். குமிழி கட்டினால் மிதித்தாலும் அழுத்தம் போய்ச் சேராது. அகலமான இடம் பார்த்து ஒதுக்கி நிறுத்தினோம். ஒரு தம்பி தண்ணீர் பாட்டிலைத் திறந்தபோது அண்ணன் கையைப் பிடித்துவிட்டார். சூட்டில் தண்ணீர் ஊற்றினால் பிரேக் தட்டு கோணிவிடும். காற்றிலேயே ஆறட்டும் என்றார். மிதி மறுபடி கெட்டிப்பட்ட பிறகு, அந்த வண்டி இரண்டாவது கியரை விட்டு மேலே போகவில்லை. பண்ணாரியில் மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு, சத்தியமங்கலத்தில் தங்கினோம்.

ஞாயிறு அந்தியூர், பர்கூர் மலை வழியாகக் கொள்ளேகால் திரும்பினோம். செந்நிற உடம்பில் வெள்ளைத் திட்டுகள் கொண்ட பர்கூர் மாடுகள் சாலையோரம் மேய்ந்துகொண்டிருந்தன. லாரி குறைவு, நிம்மதியான பாதை.

குழுவாகப் போகிறவர்கள் வேகத்தையும் வண்டியின் விலையையும் பேசுவதைக் குறைத்துக்கொண்டு, எதிரில் வருகிறவருக்கு எங்கே நின்று வழிவிடுவது என்பதைக் கிளம்பும் முன்பே பேசிவைக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். உங்களுக்கு நேர்ந்ததையும் எழுதுங்கள்.

கே.ஆர்.புரத்திலிருந்து ஒரு சகோதரி:

வழிகாட்டுவது அந்தந்த மலையில் ஓட்டிப் பிழைப்பவர்கள்தான் என்று அல்சூர்க்காரர் எழுதியதைப் படித்ததும் கொல்லிமலை நினைவுக்கு வந்தது. காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். குழுவில் நான் ஒருத்திதான் பெண். ஒவ்வொரு நிறுத்தத்திலும் “உங்களால் முடியுமா?” என்று யாராவது கேட்டபடி இருந்தார்கள். அக்கறையில்தான் கேட்டார்கள் என்றாலும், அந்தக் கேள்வி வண்டியின் பாரத்தைவிட அதிகமாக அழுத்தியது.

ஒரு வளைவில் நின்று மூச்சுவாங்கியபோது, மொபெட்டில் பலாப்பழம் கட்டிக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிறுத்தினார். அவர் முடியுமா என்று கேட்கவில்லை. “கண்ணு, இடப்பக்கம் திரும்புகிற வளைவில் உள்ளோரம் செங்குத்து. அங்கே ஒட்டிப் போனால் வண்டி திணறும், கால் ஊன்றினாலும் தரை எட்டாது. மேலே வண்டி வரவில்லை என்று பார்த்துக்கொண்டு, கொஞ்சம் தள்ளி அகலமாக எடு. வளைவுக்குள் போய் கியர் மாற்றாதே, முன்னாலேயே மாற்றிவிடு” என்றார். அடுத்த இரண்டு வளைவுகளில் எனக்கு முன்னால் அவரே மெதுவாக ஏறிக் காட்டினார். அவருடைய பின்சக்கரம் போன தடத்திலேயே என் முன்சக்கரத்தை வைத்துப் போனேன். செம்மேடு வரை எங்கும் கால் ஊன்றவில்லை. குழுவில் புதியவர்கள் இருந்தால், முடியுமா என்று கேட்காமல் இப்படி முன்னால் போய்க் காட்டுங்கள்.

விவேக்நகர் நண்பர்:

நீலகிரி பக்கம் போகிறவர்களுக்கு ஒரு செய்தி. 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம். எங்கள் குழுவில் இரண்டு பேர், பக்கத்து வண்டியின் பாஸே போதும் என்று நினைத்திருந்தார்கள். கக்கநல்லா சாவடியில் எல்லோரும் ஒதுங்கி நின்று, கைப்பேசியில் சிக்னல் தேடி எடுக்கவேண்டியதாயிற்று. சாவடியில் இருந்த காவலர் கோபப்படாமல், சிக்னல் கிடைக்கும் இடத்தைக் கைகாட்டி அனுப்பினார். ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனியாக வீட்டிலேயே எடுத்துவிடுங்கள்.

திரும்பும்போது தலைகுந்தாவில் இன்னொரு காவலர் நிறுத்தினார். 36 வளைவுகள் கொண்ட கல்லட்டிப் பாதையில் வெளியூர் வண்டிகள் இறங்க அனுமதி இல்லை. பிரேக் பிடிக்காமல் அங்கே உருண்ட வண்டிகளைப் பற்றி அவர் பொறுமையாகச் சொன்னார், வாதாடத் தோன்றவில்லை. நடுவட்டம், கூடலூர் என்று சுற்றினோம். பந்திப்பூர் வாயிலை இரவு 9 மணிக்கு மூடிவிடுவார்கள் என்பதால் தெப்பக்காட்டில் தேநீருக்குக்கூட நிற்கவில்லை.