ஐயனார் கோயில் காட்டில் ஓரிதழ்தாமரை

காரைக்குடிப் பக்கம் எங்கள் ஊர் ஐயனார் கோயிலுக்குப் பின்னால் கொஞ்சம் காடு மிச்சம் இருக்கிறது. காரை, கிளுவை, சூரை, நடுவே செம்மண் சரளை. ஐப்பசி மழை விட்டு நாலு நாள் வெயில் அடித்தபின் ஒரு காலை அப்பத்தாவோடு விளக்குப் போடப் போனேன். செருப்பைக் கழற்றிய இடத்திலேயே அவர் என் கையைப் பிடித்து இழுத்தார்.

"மிதிச்சிறாத ஆத்தா, ஓரிதழ்தாமரை."

பேரில் தாமரை இருப்பதால் ஊருணிக்கரையில் தேட வேண்டிய செடி என்றே அதுவரை நினைத்திருந்தேன். இதுவோ காய்ந்த சரளையில், ஒரு சாண் உயரத்தில், ஒல்லி இலைகளோடு நின்றது. ஒவ்வொரு பூவிலும் ரோஜாவும் ஊதாவும் கலந்த ஒரே இதழ், விரல் நகம் அளவு, கீழ்நோக்கி விரிந்திருந்தது. பக்கத்திலேயே விஷ்ணுகிரந்தியும் பூத்திருந்தது. அது நீலம், வட்டப் பூ, தரையோடு படர்வது. பூ இருந்தால் இரண்டையும் குழப்பிக்கொள்ளவே முடியாது.

குந்தி உட்கார்ந்து பக்கவாட்டில் பார்த்தபோதுதான் சங்கதி தெரிந்தது. ஓரிதழ் என்கிறோமே தவிர, இதழ் ஐந்து! நான்கு மிகச் சிறியவை, பெரிய இதழின் அடிப்பகுதியை ஒட்டி நிற்கின்றன. மேலிருந்து மட்டும் படம் எடுத்தால் இவை தெரியவே தெரியாது. தயவுசெய்து ஒரு படமாவது பக்கவாட்டில் எடுங்கள். ஊட்டிப் பூங்காவில் பார்க்கும் பான்சிப் பூவும் இதே குடும்பம்தான். செடிகளுக்கு இரண்டு சொல்லில் அறிவியல் பெயர் வைத்த லின்னேயஸ், 1753இல் இதை அந்தப் பான்சியின் பேரினமான வயோலாவில்தான் சேர்த்தார். பின்னால் பேரினப் பெயர் மாறியது, அறிவியல் பெயரின் பின்பாதியான, 'ஒன்பது விதை' என்று பொருள்படும் என்னியாஸ்பெர்மஸ் மட்டும் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பூ இல்லாத நாளில் காயைப் பாருங்கள். மெல்லிய காம்பில் தொங்கும் சின்ன உருண்டை, முற்றினால் மூன்றாகப் பிளந்து மூன்று குட்டிப் படகுகள் போல விரியும். உள்ளே வரி வரியாகக் கோடு போட்ட வெளிர் விதைகள். நான் திறந்து பார்த்த காயில் ஏழு இருந்தன.

மருந்துக்கென்று வேரோடு பிடுங்கிப் போகிறவர்கள் எங்கள் பக்கமும் உண்டு. காய் வெடிக்கும்முன் பிடுங்கினால் அந்த இடத்தில் அடுத்த மழைக்கு எது முளைக்கும்? அப்பத்தா மருந்துக்கு எடுக்கும்போதும் காய்த்த செடியைத் தொடமாட்டார். அன்று அந்தச் சரளையில் பதினொரு செடி எண்ணினேன். போன கார்த்திகையில் இருபதுக்கு மேல்.