தேனுக்கு இல்லை, காய் பிடிக்க: தேனீப் பெட்டி வைத்தவர்கள் சொல்கிறோம்

மரக்காணம் பக்கம், தர்பூசணி

எங்கள் ஊரில் மார்கழியில் விதைத்தால் தை கடைசியில் பூ, பங்குனியில் வெட்டு. கொடியில் முதலில் வருவதெல்லாம் ஆண் பூ. சில நாள் கழித்துத்தான், அடியில் குட்டிக் காயோடு பெண் பூ எட்டிப்பார்க்கும். விடிந்ததும் விரியும், மதியத்துக்கு மேல் மூடிவிட்டால் மறுபடி திறக்காது. அந்த அரை நாளுக்குள், பெண் பூவின் நடுவில் மகரந்தம் ஏற்கும் சூல்முடியின் மூன்று மடலிலும் மகரந்தம் ஒட்டியாக வேண்டும். தேனீ எட்டுத் தடவையாவது வந்து உட்கார்ந்தால்தான் காய் நன்றாகத் திரளும் என்பார்கள். போதவில்லை என்றால் விதை பிடிக்காத பக்கம் சூம்பிப்போய்க் காய் கோணிக்கொள்ளும். அந்தக் காயை வியாபாரி லாரியில் ஏற்ற மாட்டார்.

மார்த்தாண்டம் பக்கம் தேன் எடுக்கும் ஒரு அண்ணனிடம் பூக்கும் காலத்துக்கு மட்டும் பெட்டிகளை வாடகைக்குக் கேட்டேன். "ரப்பர் துளிர்க்க நேரத்துல பெட்டிய வெளிய குடுக்க முடியாது தம்பி, எனக்கு வருசத்துச் சம்பாத்தியமே அதுல தான்" என்றார். நியாயம்தான். ரப்பரில் தேன் ஊறுவது பூவில் இல்லை, இளம் இலைக் காம்பு நுனியில். அங்கே காய் பிடிக்க வைக்கும் வேலையே இல்லாமல் தேன் மட்டும் கிடைக்கிறது. எனக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர். அதனால் அவரிடமே கூட்டங்களை விலைக்கு வாங்கினேன். எல்லாம் அடுக்குத் தேனீ என்கிற நம் நாட்டுத் தேனீ, அதற்கென்றே உள்ள நியூட்டன் வகை மரப்பெட்டி.

பெட்டியைப் பராமரிக்கும் முறையும் இங்கே மாறுகிறது. தேனுக்கு வைப்பவர் தேன் சேரும் மேல் அறை கனக்கிறதா என்று தூக்கிப் பார்ப்பார். நான் வாசலில் உட்கார்ந்து, திரும்பி வரும் தேனீயின் பின்னங்காலில் மகரந்த உருண்டை இருக்கிறதா என்று பார்க்கிறேன். தேன் மட்டும் உறிஞ்சப் போகிறதைவிட, மகரந்தம் சேர்க்கப் போகிற தேனீதான் பூவில் நன்றாக வேலை செய்யும். அதை வெளியே விரட்டுவது உள்ளே வளரும் தேனீக் குஞ்சுகளான புழுக்களின் பசி. ஆகவே ராணி முட்டையிட எப்போதும் காலி அடை இருக்க வேண்டும். தேன் நிரம்பி மூடிய அடைகளை எடுத்துவிட்டுக் அடை கட்டுகிற காலி மரச் சட்டம் வைப்பேன். சர்க்கரையும் தண்ணீரும் சம அளவில் கலந்த பாகு உள்ளேயே வைத்தால், தேனுக்கு அலைகிற கூட்டத்தில் ஒரு பகுதி மகரந்தத்துக்குத் திரும்பும்.

எப்போது கொண்டுவந்து வைக்கிறோம் என்பது ரொம்ப முக்கியம். பூக்கும் முன்பே வைத்தால் பக்கத்துத் தென்னம்பாளையைப் பழகிக்கொண்டு அங்கேயே போகும். அதனால் பெட்டிகள் மற்ற நாளில் மாமனார் ஊர்த் தோப்பில் இருக்கும். வயலில் பத்தில் ஒரு பங்கு பூத்ததும், இரவில் வாசலை வலையால் அடைத்து வண்டியில் ஏற்றி வருவோம். சொந்த ஊரிலேயே கொஞ்ச தூரம் மாற்றி வைத்தால் வேலைக்குப் போகிற தேனீயெல்லாம் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். பெட்டி நிற்கும் தாங்கியின் கால்களுக்கு அடியில் தண்ணீர்க் கிண்ணம் கட்டாயம். எறும்பு ஏறினால் கூட்டமே பறந்துவிடும்.

இலைப்பேனுக்கு மருந்தடிப்பதாக இருந்தால் பூ மூடிய பிறகு, சாயங்காலம்தான். ஆனால் இமிடாகுளோபிரிட் மாதிரி செடிக்குள் ஊடுருவும் மருந்துக்கு இந்த நேரக் கணக்குப் போதாது. சொட்டுநீரில் கொடுத்தாலும் அது தேனிலும் மகரந்தத்திலும் வந்து நிற்கும். பூப்பிடிக்கும் பருவத்தில் எங்கள் வயலுக்கு அது வேண்டாம் என்று நிறுத்திவிட்டேன். பக்கத்து நிலத்துக்காரர்களிடமும் கேட்டுக்கொண்டேன். அவர்கள் கொடியிலும் எங்கள் தேனீதானே உட்காருகிறது.

வண்டன்மேடு (இடுக்கி), ஏலக்காய்த் தோட்டம்

மரக்காணத்து அண்ணன் சொன்ன புழுக் கணக்கு ஏலத்துக்கும் அப்படியே பொருந்தும். ஏலப் பூவில் சூல்முடி மகரந்தப் பைக்கு மேலே நிற்கிறது, தானாக ஒட்டாது. பூ ஆயுசும் ஒரே நாள். எங்கள் சிக்கல் மழை. ஏலச் செடியின் பூச்சரத்தில் பூ கொட்டுகிற நேரமும் தென்மேற்குப் பருவமழையும் ஒன்று. மழை விட்ட இடைவெளியில்தான் தேனீ வெளியே வரும், அதற்குக் கூட்டம் பலமாக இருக்க வேண்டும். அந்த மாதங்களில் பாகு கொடுக்காமல் விட்டால் புழு வளர்ப்பு நின்றுபோகும், பெட்டி இருந்தும் பயன் இல்லை.

1991-92இல் தாய் சாக்புரூட் (Thai sacbrood) என்ற, தேனீப் புழுக்களைத் தாக்கும் வைரஸ் வந்து கேரளத்திலும் குமரியிலும் அடுக்குத் தேனீக் கூட்டங்கள் பெரும்பாலும் அழிந்தன. புழு நீர் கோத்த பை மாதிரி ஆகிவிடும். இப்போதும் அடையில் அப்படி ஒரு புழு தெரிந்தால் அந்தச் சட்டத்தை வேறு பெட்டிக்கு மாற்றாதீர்கள், தயவுசெய்து. மகரந்தச் சேர்க்கைக்கு வைக்கிறவர்கள் சட்டத்தை அடிக்கடி இங்கும் அங்கும் மாற்றுகிறோம். பயமே அதுதான்.

ஒட்டன்சத்திரம், காய்கறி

கத்தரிக்கும் தக்காளிக்கும் பெட்டி வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கத்தரிப் பூவின் மகரந்தப் பை நுனியில் சின்னத் துளைதான் இருக்கிறது. பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைத்தால்தான் தூள் கொட்டும். அடுக்குத் தேனீக்கு அந்த வித்தை கிடையாது. கருவண்டும், வயிற்றில் நீலப் பட்டை போட்ட தேனீயும் அதைச் செய்யும். காலையில் வயலில் நின்றால் ரீங்காரமே வேறாகக் கேட்கும். அவற்றைப் பெட்டியில் அடைக்க முடியாது. கருவண்டு பட்ட மரத்திலும் காய்ந்த மூங்கிலிலும் துளைபோட்டுக் குடியிருக்கும், நீலப் பட்டைக்காரி மண்ணில் வளை தோண்டும். அதனால் வேலியோரத்துக் காய்ந்த கட்டைகளை விறகுக்கு எடுக்காமல் விட்டிருக்கிறேன், வரப்பில் ஒரு பக்கம் உழுவதும் இல்லை. என் தேனீப் பெட்டிகள் இருப்பது பாகலுக்கும் வெள்ளரிக்கும்.