கார்மில்லா: லாராவுக்கு வந்தது காதலா, வசியமா?

தையல்கடைக்காரி, சுங்கை சிப்புட்:
ஷெரிடன் லெ ஃபனு ஆங்கிலத்தில் எழுதிய, இரத்தம் குடிக்கும் பேயின் கதையான ‘கார்மில்லா’ படித்தவர்கள் இங்கே யாராவது இருந்தால் ஒரு கேள்வி. லாராவுக்குக் கார்மில்லாமீது இருந்தது காதலா, இல்லை பேய் வைத்த வசியமா? நீங்கள் எப்படிப் படித்தீர்கள்?

படிக்காதவர்களுக்குச் சுருக்கமாக: ஆஸ்திரியாவின் ஸ்டீரியாவில் காட்டை ஒட்டிய ஒரு கோட்டை. தாயில்லாப் பெண் லாரா, அவளுடைய அப்பா. வாசலில் ஒரு வண்டி கவிழ்கிறது. அதில் வந்த சீமாட்டி, தன் மகளை மூன்று மாதம் வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒப்படைத்துவிட்டுப் போகிறாள். அந்த மகள்தான் கார்மில்லா. பகல் ஏறும்வரை எழமாட்டாள், லாராவின் கையைப் பிடித்தால் விடமாட்டாள். கடைசியில் பார்த்தால் எப்போதோ செத்துப்போன மிர்கல்லா சீமாட்டி அவளேதான்.

தீபாவளித் தையல் நேரத்தில் பெரியம்மா எனக்குக் கொக்கி வைத்துத் தருவார். தொலைக்காட்சித் தொடர் அவருக்கு ஆகாது, மாமியார் முறைப்பதற்கு எதற்கு இத்தனை மேளம் என்பார். ஆகவே, கைப்பேசியில் படித்ததைத் தமிழில் சொல்லிக்கொண்டே நான் தைப்பேன். கார்மில்லாவின் சவப்பெட்டியைத் திறந்து அவள் நெஞ்சில் முளை அடிக்கும் இடம் வந்ததும் பெரியம்மா ஊசியை ரவிக்கையில் குத்தி நிறுத்திவிட்டு, “அந்தப் பிள்ளைக்குத்தான் அவளைப் பிடித்திருந்ததே, அவளைக் கேட்டார்களா?” என்றார்.

கேட்கவில்லைதான். அதற்குள் அவர் பொந்தியானாக்கை இழுத்துவிட்டார். பிள்ளைப்பேற்றில் இறந்தவள், பிடரியில் ஆணி அடித்தால் அழகிய பெண்ணாகிக் குடும்பம் நடத்துவாள் என்று தோட்டத்தில் சொல்வார்களே, அது. “அங்கே அடித்தால் சாகிறாள், இங்கே அடித்தால் மனைவியாகிறாள். எங்கே போனாலும் சுத்தியல் ஆம்பிளை கையில்தான்” என்றார்.

பெரியம்மா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர், மணமாகாதவர். அடுத்த நிரையில் வெட்டிய தோழியோடு லயத்தில் ஒரே வீட்டில் இருந்தார். தோட்டம் செம்பனைக்கு மாறி லயத்தைக் காலி செய்யச் சொன்னபோது இருவரும் சேர்ந்துதான் இந்தத் தாமான் குடியிருப்புக்கு வந்தார்கள். அந்த அம்மா இறந்துவிட்டார், எங்களுக்கெல்லாம் அவர் அத்தை. அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை, நானும் கேட்கப்போவதில்லை. ஆனால் பெரியம்மா கேட்டதற்கு ஏனோதானோவென்று பதில் சொல்ல மனம் வரவில்லை.

பேய்க்கதைப் பித்தன், தைப்பிங்:
அக்கா, இது வேட்டை. காதல் என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொள்ளாதீர்கள். கிராமத்துப் பெண்கள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். தளபதி ஸ்பீல்ஸ்டோர்ஃப் வளர்த்த பெர்த்தாவும் போய்விடுகிறாள். வனக்காவலர் மகளின் சவ ஊர்வலம் பாடிக்கொண்டு போகும்போது கார்மில்லா காதைப் பொத்திக்கொண்டு எரிந்து விழுகிறாள். தின்றவளுக்கு ஒப்பாரி பொறுக்கவில்லை! இதே வேலையை ஓர் ஆண் பேய் செய்திருந்தால் காதலா என்று கேட்டிருப்போமா?

என்னைக் கேட்டால், இரவில் கட்டில் காலடியில் பூனைபோல் கறுப்பாக ஒன்று உலாவும் அத்தியாயம் ஒன்றே போதும். ஷெரிடன் லெ ஃபனு இதைத் தொகுப்பில் சேர்த்து வெளியிட்டது 1872-இல். டிராகுலா வந்ததோ 1897-இல். இரண்டையும் எழுதியவர்கள் டப்ளின்காரர்கள். பேயைப் பேயாக ரசியுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை, தெலுக் இந்தான்:
தம்பி சொல்வதில் பொய்யில்லை, சாவு சாவுதான். ஆனால் கதையை யார் சொல்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் பாருங்கள். எல்லாம் முடிந்து பத்தாண்டுக்கு மேல் கழித்து லாரா உட்கார்ந்து எழுதுகிறாள். கார்மில்லாவின் கூந்தலுக்கு அடியில் கையை வைத்து அதன் கனத்தை வியந்தது அவளுக்கு அப்படியே நினைவிருக்கிறது. கொன்றவள்மீது வெறும் பயம் மட்டும் இருந்தால் கூந்தலின் கனம் எதற்கு நினைவில் நிற்கவேண்டும்?

இனி அந்த முளை அடிக்கும் பகுதி. சவப்பெட்டியில் ஏழு அங்குல ஆழத்துக்கு இரத்தம், முளை, தலை, சாம்பல், ஆறு என்று எல்லாம் வரிசையாக வருகிறது. ஆனால் அதை அவள் விசாரணைக் குழுவின் அறிக்கையிலிருந்து எடுத்துச் சொல்கிறாள். அவள் பார்க்கவில்லை. அப்பா, தளபதி, பிரபு, மருத்துவர் எல்லோரும் கூடி முடித்து, கையெழுத்தும் போட்டுவிட்டார்கள். பெரியம்மா கேட்டது சரியான கேள்வி. உங்கள் கேள்வியைவிடச் சரி என்றுகூடச் சொல்வேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

காதலா வசியமா என்று பிரிக்கச் சொன்னால் லாராவாலேயே முடியாது. ஈர்ப்பும் அருவருப்பும் சேர்ந்தே இருந்தன என்று முதல் சந்திப்பிலேயே எழுதிவிடுகிறாள். எனக்குத் திகில் அங்கேதான். பூனை எல்லாம் பிறகு.

இன்னொன்று, கதைக்கு வெளியே. அதே 1872-இல்தான் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூரில் ஆங்கிலேயரின் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது, ஒருபால் உறவையும் ‘இயற்கைக்கு மாறானது’ என்று தண்டித்த 377ஆம் பிரிவும் அதனுள் வந்தது. நாம் இருக்கும் பேராக்கில் அவர்கள் காலூன்றியது 1874 பங்கோர் உடன்படிக்கைக்குப் பிறகு. இந்திய உச்ச நீதிமன்றம் 2018-இல் அந்தப் பிரிவின் பிடியைத் தளர்த்தியது. நம் மலேசியச் சட்டப் புத்தகத்தில் அது 377A பிரிவாக இன்னும் இருக்கிறது. பேய்க்கதைகளில் இப்படிப்பட்ட பெண்கள் ஏன் முளையில் போய் முடிகிறார்கள் என்று கேட்பவர்கள் இதையும் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம்.

பேய்க்கதைப் பித்தன், தைப்பிங்:
அறிக்கை விஷயம் நான் கவனிக்காமல் தாண்டிய இடம், டீச்சர். ஆனாலும் பெர்த்தாவுக்கு யார் பதில் சொல்வது?

ஓய்வுபெற்ற ஆசிரியை, தெலுக் இந்தான்:
யாரும் சொல்லமாட்டார்கள். பெர்த்தாவுக்குக் கதை சொல்ல வாய்ப்பே கொடுக்கவில்லை, அவளுக்காகவும் தளபதிதான் பேசுகிறார். உங்கள் கோபத்தை அவர்மீதும் கொஞ்சம் திருப்புங்கள்.

தையல்கடைக்காரி, சுங்கை சிப்புட்:
நன்றி டீச்சர். அறிக்கை விஷயத்தைச் சொன்னேன். “தோட்டத்திலும் அப்படித்தான், நடந்தது ஒன்று, கணக்கெழுதும் கிராணி எழுதியது ஒன்று” என்றார் பெரியம்மா. பித்தன் தம்பிக்கும் ஒரு பதில் அனுப்பச் சொன்னார்: பிடித்திருந்தது என்பதற்காக நல்லவள் என்று அர்த்தம் இல்லையாம்.

இப்போது அவருக்கு வேறு பிரச்சினை. வயதுப் பெண்ணை முன்பின் தெரியாத வீட்டில் இறக்கிவிட்டு வண்டியேறிப் போனாளே ஒரு தாய், அவள் யார், திரும்பி வந்தாளா என்று தினமும் கேட்கிறார். நானும் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன், எங்காவது வருகிறதா?

ஓய்வுபெற்ற ஆசிரியை, தெலுக் இந்தான்:
வராது. தளபதியின் கதையிலும் முகமூடி போட்டுக்கொண்டு வந்து இதே வேலையைத்தான் செய்கிறாள், அவ்வளவுதான். லெ ஃபனு அவளைப் பற்றி மூச்சுவிடவில்லை. பெரியம்மாவையே ஒன்றைக் கட்டிச் சொல்லச் சொல்லுங்கள், நீங்கள் எழுதி இங்கே போடுங்கள்.