தோளில் சங்கிலி, கையில் வெள்ளிச் சரிகை: யோமன்ரிச் சீருடைகளை நேரில் கண்டவர்கள்

மிட்சம் ரோடுவாசி

குரோய்டனில் மிட்சம் ரோட்டுப் பக்கம் குடியிருக்கிறேன். அந்தச் சாலையில் ஒரு ராணுவ வளாகம் உண்டு. பதினோரு வருடமாக அதைத் தாண்டித்தான் கடைக்குப் போகிறேன். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

நவம்பரில் போர்வீரர் நினைவு ஞாயிறு அன்று கேத்தரின் தெருவில் இருக்கும் நினைவுத் தூணுக்கு மகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். சடங்கு முடிந்து காபி வாங்க நின்றபோது எனக்கு முன்னால் ஒருவர் அடர் நீலச் சீருடையில் நின்றார். மற்றவர்களெல்லாம் காக்கி. இவருடைய இரண்டு தோளிலும் மீன் செதில் போல இரும்பு வளையங்கள் பின்னிக் கிடந்தன. மகள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அப்பா, இவர் தோளில் ஏன் சங்கிலி?" என்று தமிழில் கேட்டாள். கேள்வி புரியாவிட்டாலும் விரல் காட்டிய இடம் அவருக்குப் புரிந்துவிட்டது. குனிந்து காட்டினார். குதிரைமேல் வருகிறவன் வாளை மேலிருந்து கீழே வீசும்போது முதலில் விழும் இடம் தோள்தானாம்; அதற்கான காப்பு. "இப்போது யாரும் என்னை வாளால் வெட்ட வருவதில்லை, ஆனாலும் கழற்ற மனமில்லை" என்றார்.

தொப்பிச் சின்னத்தில் குறுக்காக இரண்டு துப்பாக்கிகள், அவற்றின்மேல் முன்னங்கால் தூக்கிய குதிரை. கெண்ட் அண்ட் ஷார்ப்ஷூட்டர்ஸ் யோமன்ரி. யோமன்ரி என்றால் ஊர்க்காரர்கள் சேர்ந்த தொண்டர் குதிரைப்படை. குதிரை கெண்ட் மாவட்டத்துடையது, துப்பாக்கி லண்டன்காரர்களுடையது, 1961இல் இரண்டும் ஒன்றாகிவிட்டன என்று விளக்கினார். இன்று அது ராயல் யோமன்ரி என்ற பகுதிநேர ரெஜிமென்ட்டில் ஒரு பிரிவு. நான் பதினோரு வருடமாகத் தாண்டிப்போன அதே வளாகம்தான் அவர்கள் இடம்! வார நாளில் என்ன வேலை என்று கேட்டேன். குளியலறைக் குழாய் பொருத்துகிறாராம்.

உங்களில் யாராவது இவர்களை அருகில் பார்த்திருக்கிறீர்களா? அரண்மனை வாசலில் நிற்கும் கரடித்தோல் தொப்பிக்காரர்களைச் சொல்லவில்லை. அவர்கள் காலாட்படை, அதுவும் முழுநேரம்.

சலவைக்கடைக்காரன்

பார்த்திருக்கிறேன் என்பதைவிட, அவர்களுடைய உடுப்பைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு இரவு தூக்கமில்லாமல் இருந்திருக்கிறேன் என்று சொல்வதுதான் சரி.

தென்லண்டனில் சின்ன டிரை கிளீனிங் கடை வைத்திருக்கிறேன். சொந்த ஊர் பருத்தித்துறை. ஒரு வெள்ளிக்கிழமை மாலை, கடை பூட்டுகிற நேரம், ஒருவர் உடுப்பு உறையோடு வந்தார். திறந்தால் மெஸ் ஜாக்கெட். இரவு விருந்துக்கு இடுப்பளவில் போடும் குட்டைச் சட்டை அது. அடர் நீலம், சிவப்புக் கழுத்துப்பட்டி, விளிம்பெல்லாம் வெள்ளிச் சரிகை. குதிரைப்படைக்காரர்களின் மெஸ் ஜாக்கெட்டுக்குக் கழுத்தில் ஒரு கொக்கிதான். கீழே திறந்தே தொங்கும், உள்ளே போட்ட கழுத்து மூடிய அரைச்சட்டை தெரியும். அந்த அரைச்சட்டையில்தான் சிவப்பு வைன் கொட்டியிருந்தது. ஜாக்கெட்டின் சரிகையிலும் இரண்டு சொட்டு. இதற்கு முன் கொடுத்த கடையில் ஏதோ மருந்து போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். வைன் போகவில்லை, சரிகை மட்டும் சாம்பல் நிறமாகிவிட்டது.

அந்தச் சரிகையைத் தொட்டவுடன் எனக்கு அம்மாவின் கூறைச்சேலை நினைவுக்கு வந்தது. ஒரே சாமான்தான். நூலைச் சுற்றி முடியளவு மெல்லிய உலோகக் கம்பி. கம்பியை வளைத்துத் தேய்த்தால் உடையும், தண்ணீர் பட்டால் உள்நூல் சுருங்கும், வாசனைத் தைலம் பட்டால் கறுக்கும். அம்மா கூறைச்சேலையை வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வைப்பா, மடிப்பை வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவா. பக்கத்தில் நாப்தலின் உருண்டை வைக்க விடமாட்டா.

அந்த ஆளிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் கண்கள் விரிந்தன. ரெஜிமென்ட்டில் பழைய ஆட்கள் சரிகைக்குக் கறுப்புத் தாள்தான் சுற்றச் சொல்வார்களாம். நிறம் வெளுத்த தாளில் மிச்சமிருக்கும் மருந்தே சரிகையைக் கறுப்பாக்கும் என்பது அவர்கள் கணக்கு. அவருடைய தாத்தா காலத்து ஜாக்கெட் ஒன்று அப்படித்தான் இன்னும் பளபளக்கிறது என்றார்.

"ஏன் வெள்ளி? படையில் எல்லோருக்கும் தங்கச் சரிகை என்றல்லவா நினைத்தேன்?" என்று கேட்டேன். நிரந்தரப் படைக்குத் தங்கம், தொண்டர் படைக்கு வெள்ளி. அதுதான் பழைய வழக்கம் என்றார். யோமன்ரி 1794இல் தொடங்கியபோது பிரெஞ்சுக்காரர்கள் கடல் தாண்டி வந்துவிடுவார்கள் என்ற பயத்தில் ஊர் ஊராக நிலக்காரர்களும் அவர்களுடைய குத்தகைக்காரர்களும் சொந்தக் குதிரையோடு சேர்ந்தார்களாம். சம்பளப் படையின் தங்கத்தை அவர்களுக்குக் கொடுக்கவில்லை. விதிவிலக்குகள் உண்டு, ஆனால் பெரும்பாலும் வெள்ளிதான். இதை அவர் குறையாகச் சொல்லவில்லை. "தங்கத்தை அரசாங்கம் கொடுத்தது, வெள்ளியை நாங்களே வாங்கினோம்" என்றார். அந்தப் பெருமை எனக்கு விளங்கியது.

சரி, வேலைக்கு வருகிறேன். பட்டன்களை ஒவ்வொன்றாக அலுமினியத் தாளில் பொதிந்தேன். சிவப்புக் கழுத்துப்பட்டிதான் பெரிய பயம். சாயம் நீலத்தில் தெரியாது, வெள்ளிச் சரிகையில் இறங்கினால் கதை முடிந்தது. உள்மடிப்பில் ஒரு மூலையில் சோதித்துப் பார்த்த பிறகுதான் கை வைத்தேன். அரைச்சட்டையில் இருந்த வைன் முழுக்கப் போய்விட்டது. கறுத்த சரிகையை நான் தொடவே இல்லை. மருந்து போட்டு வெளுக்க வைத்தால் அந்த இரண்டு அங்குலம் மட்டும் புதிதாகத் தெரியும், மற்றதெல்லாம் பழசாகத் தெரியும். அதை அப்படியே அவரிடம் சொன்னேன். "பழசு பழசாகவே இருக்கட்டும்" என்றார்.

பணம் கொடுக்கும்போதுதான் கேட்டேன்: அவர் கணக்காய்வாளர். என் கடைக் கணக்கை இப்போது அவர்தான் பார்க்கிறார்.

பரிமாறியவன்

மாணவனாக இருந்த காலத்தில் லண்டன் மண்டபங்களில் விருந்து பரிமாறும் வேலைக்குப் போவேன். ஒரு யோமன்ரி விருந்து மட்டும் மறக்கவில்லை. காரணம், காதில் விழுந்த சத்தம். காலில் குதிமுள், அதாவது குதிரையை முடுக்கும் உலோக முள், போட்டுக்கொண்டு அறுபது பேர் மரத்தரையில் நடந்தால், மாட்டுவண்டிகள் சந்தைக்கு வருவது போல இருக்கும்.

குதிமுள் என்றால் வார் கட்டிப் போடுவது என்று நினைத்திருந்தேன். இல்லை. பூட்ஸின் குதியிலேயே உலோகக் குழி வைத்திருக்கிறார்கள். முள்ளை அதில் செருகினால் உட்கார்ந்துகொள்ளும். காற்சட்டை கால் முழுக்க இறுக்கமாக ஒட்டி, பாதத்துக்கு அடியில் ஒரு வார் போட்டு இழுக்கப்பட்டிருக்கும். அதைப் போட்டுக்கொண்டு எப்படி உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று நாங்கள் சமையலறையில் பந்தயம் கட்டினோம். சாப்பிட்டார்கள், நன்றாகவே சாப்பிட்டார்கள். அரசருக்காக எல்லோரும் கிண்ணம் தூக்க எழுந்தபோது ஓர் இளைஞரின் குதிமுள் மேசைத்துணியில் மாட்டியது. எழுந்த வேகத்தில் துணி ஓர் அடி கீழே வந்தது. அவர் அசையாமல், முகத்தில் ஒன்றும் காட்டாமல், ஒரு கையில் கிண்ணத்தையும் மறுகையில் மெழுகுவர்த்தித் தண்டையும் பிடித்தபடி நின்றார். பயிற்சி என்றால் அது!

லண்டன் வழக்கறிஞர்களுக்கும் இப்படி ஒரு படை இருந்தது. மூன்றாம் ஜார்ஜ் அரசர் அணிவகுப்பைப் பார்த்துவிட்டு இவர்களெல்லாம் யார் என்று கேட்டாராம். எல்லோரும் வக்கீல்கள் என்றதும், அப்படியானால் 'பிசாசின் சொந்தப் படை' என்று கூப்பிடுங்கள் என்றாராம். பெயர் ஒட்டிக்கொண்டது. பின்னாளில் அந்த ரெஜிமென்ட் 1961இல் லண்டன் நகர யோமன்ரியோடு சேர்ந்தது.

பழம்பொருள் பித்தன்

சின்னங்கள் சேர்க்கிறேன், இருபது வருடமாக. முதல் ஐந்து வருடம் ஏமாந்தேன். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒருவர் ஈஸ்ட் ரைடிங் யோமன்ரியின் ஓடும் நரியை விற்றார். நரி, கீழே 'ஃபாரர்ட்' என்ற வேட்டைக்கார முழக்கம், பார்த்தவுடன் மயங்கிவிட்டேன். வீட்டில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் நரியின் ரோமம் மொழுமொழுவென்று இருக்கிறது. அசல் அச்சில் ரோமம் கீறல் கீறலாக நிற்கும். அசலில் இருந்து வார்ப்பெடுத்துச் செய்த போலி.

புதியவர்களுக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன்: கிரீடத்தைப் பாருங்கள். கிரீடத்தின் வளைவு உச்சியில் மேடாக உருண்டு நின்றால் அது அரசர் காலம், 1901க்குப் பிறகு. நடுவில் பள்ளமாக இறங்கி எழுந்தால் இரண்டாம் எலிசபெத், 1953க்குப் பிறகு. இப்போது சார்லஸ் மறுபடி உருண்ட கிரீடத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். ஆகவே சந்தையில் இனிக் குழப்பம் இரட்டிப்பு. இரண்டாம் உலகப்போரில் பித்தளைக்குத் தட்டுப்பாடு வந்து பிளாஸ்டிக்கில் கூடச் சின்னம் செய்தார்கள். அந்த அசிங்கமான பழுப்பு வில்லைக்கு இன்று நல்ல விலை.

எனக்குப் பிடித்தது வொர்ஸ்டர்ஷைர் யோமன்ரி: பேரிப்பழ மரத்தின் பூங்கொத்து. மற்றவர்கள் கரடி, குதிரை, சிறுத்தை முகம் என்று வைத்திருக்க, இவர்கள் பூ வைத்துக்கொண்டு சண்டைக்குப் போனார்கள்.

ஹீவர் போனவள்

பிள்ளைகளோடு ஹீவர் கோட்டைக்கு, எட்டாம் ஹென்றியின் ராணி ஆன் பொலினின் வீட்டைப் பார்க்கப் போனோம். அங்கேயே கெண்ட் யோமன்ரி அருங்காட்சியகமும் இருக்கிறது என்பது உள்ளே போன பிறகுதான் தெரிந்தது. மழை, அதனால் ஒதுங்கினோம். ராணியின் கழுத்தை வெட்டிய கதையைவிட என் மகனுக்குச் சீருடைகள்தான் பிடித்திருந்தன. வேறு சொல்ல எனக்கு ஒன்றுமில்லை, காபி நன்றாக இருந்தது.

மான்செஸ்டர் மருமகள்

எல்லோரும் அழகை எழுதுகிறீர்கள். எங்கள் ஊரில் யோமன்ரி என்ற சொல்லைச் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும்.

என் மாமனார் இங்கே பிறந்து வளர்ந்த ஆங்கிலேயர். கல்யாணமாகி வந்த புதிதில் என்னைச் செயின்ட் பீட்டர்ஸ் சதுக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். 1819 ஆகஸ்ட் 16, வாக்குரிமை கேட்டு அறுபதாயிரம் பேர்வரை கூடிய திடல் அது. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை உடுப்பில் வந்திருந்தார்கள். மான்செஸ்டர் அண்ட் சால்ஃபோர்ட் யோமன்ரி புதிதாகச் சாணை பிடித்த வாளோடு கூட்டத்துக்குள் குதிரையை விட்டது. பதினெட்டுப் பேர் இறந்தார்கள், காயம்பட்டவர்கள் நூற்றுக்கணக்கில். பழைய நினைவுப் பலகையில் கூட்டம் 'கலைக்கப்பட்டது' என்று மட்டும் எழுதியிருந்தார்களாம். அதை மாற்றிச் சிவப்புப் பலகை வைக்கவே 2007 ஆனது. மாமனார் சொன்னது: "வந்தவர்கள் அந்நியர்கள் இல்லையம்மா. ஆலை முதலாளிகள், கடைக்காரர்கள். வெட்டியவனை வெட்டுப்பட்டவனுக்குப் பெயர் சொல்லித் தெரியும்."

இன்றைய குழாய்க்காரரையும் கணக்காய்வாளரையும் நான் குற்றம் சொல்லவில்லை. ஆனால் அந்த வெள்ளிச் சரிகையைச் சொந்தப் பணத்தில் வாங்கினோம் என்று அவர் சொன்னதைப் படித்தபோது எனக்கு இதுதான் தோன்றியது. யாரிடம் அந்தப் பணம் இருந்தது?

சலவைக்கடைக்காரன்

தங்கச்சி, நியாயமான கேள்வி. அடுத்த முறை வரும்போது அவரிடமே கேட்கிறேன்.

ஓய்வுபெற்ற எஸ்.ஐ.

திருச்சியில் இருந்து எழுதுகிறேன். லண்டனைப் பார்த்ததில்லை. ஆனால் தோள்சங்கிலியைப் பற்றிப் படித்ததும் சும்மா இருக்க முடியவில்லை. அது இங்கிருந்து அங்கே போனது. இந்தியாவில் இருந்த குதிரைப்படைகள் வாள்வெட்டுக்குக் காப்பாகப் போட்டுக்கொண்டதைப் பார்த்துத்தான் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். காக்கியும் அப்படித்தான், பெஷாவர் பக்கம் 1840களில் தொடங்கியது.

இடுப்பு வாரோடு தோளில் குறுக்கே ஒரு வார் போகிறதே, அதற்குச் சாம் பிரவுன் பெல்ட் என்று பெயர். சாம் பிரவுன் இங்கே பஞ்சாப் குதிரைப்படையில் இருந்த அதிகாரி. 1858இல் சண்டையில் இடது கை போய்விட்டது. வாளை உருவ வேண்டுமென்றால் இடது கையால் உறையைப் பிடிக்க வேண்டும். கை இல்லாதவன் என்ன செய்வான்? உறை ஆடாமல் இருக்கத் தோளில் இருந்து ஒரு வார் போட்டுக் கட்டினார். இரண்டு கையும் உள்ளவர்களெல்லாம் பிறகு அதையே போட்டுக்கொண்டார்கள். நானும் குடியரசு தின அணிவகுப்புக்காக முந்தின இரவு முழுக்க அந்த வாருக்குப் பாலிஷ் போட்டிருக்கிறேன். விடியும்போது அதில் முகம் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் ஐயாவிடம் திட்டு விழும்.

ஹைட் பார்க் நடையாளி

மே மாதம் இரண்டாவது ஞாயிறு காலை ஹைட் பார்க்குக்குப் போங்கள். குதிரைப்படையின் பழைய ஆட்கள் நூற்றுக்கணக்கில் அணிவகுத்து வருவார்கள், சீருடை ஒன்றும் இல்லாமல். கறுப்பு வட்டத் தொப்பி, சூட், சுருட்டிய குடை, மார்பில் பதக்கம். ரெஜிமென்ட்டைக் கழுத்து டையின் கோடுகளை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். 1924இல் வைத்த புனித ஜார்ஜ் சிலைதான் அவர்களுடைய நினைவுச்சின்னம். போரில் பிடித்த பீரங்கிகளை உருக்கி வார்த்தது. என் பக்கத்தில் நின்ற மூதாட்டி ஒவ்வொரு டையாகப் பெயர் சொல்லிக்கொண்டே வந்தார். ஓர் ஆளைப் பார்த்ததும் நிறுத்தி, "அது அவனுடையது இல்லை, அவன் அண்ணனுடையது" என்றார்.

சலவைக்கடைக்காரன்

கணக்காய்வாளர் நேற்று வந்தார். கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "மான்செஸ்டரில் என்றால் நான் அந்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு தெருவில் நடக்க மாட்டேன்" என்றார். அவ்வளவுதான்.

வந்த வேலை வேறு. ஒரு பொட்டலத்தில் புதுப் பட்டன்கள், புது அரசரின் கிரீடம் போட்டவை. என் மனைவி உட்கார்ந்து பழசை அறுத்துவிட்டுப் புதிதைத் தைத்துக் கொடுத்தா. பழைய பட்டன்களை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. முறுக்கு டின்னில் போட்டு வைத்திருக்கிறோம்.

பழம்பொருள் பித்தன்

அண்ணா, எத்தனை பட்டன்? விற்பீர்களா?

சலவைக்கடைக்காரன்

இல்லை.