நீராவி ரயிலில் வட இங்கிலாந்துக்கு ஒரு நாள்: போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

குரோய்டன் உறுப்பினர்:

லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து யார்க் போய் அன்றைக்கே திரும்பும் நீராவி ரயிலில் குடும்பத்தோடு போய் வந்தோம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: யார்க்கைப் பார்க்கத்தான் ஆசை என்றால் இந்த ரயில் வேண்டாம். சாதாரண ரயில் இரண்டு மணி நேரத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். இதில் போய்ச் சேரவே மதியம் ஆகிறது. ஊரில் கிடைப்பது மூன்று மணி நேரம் சொச்சம். ரயிலுக்காகவே போகிறவர்கள் மேலே படியுங்கள்.

எங்கள் மேசைக்கு எதிரே ஒரு பெரியவர். எழுபதைத் தாண்டியவர், தனியாக வந்திருந்தார். 1960களின் தொடக்கத்தில் கிரந்தம் நிலைய மேடையில் நின்று, வருகிற இன்ஜின்களின் எண்களை நோட்டில் குறித்துக்கொண்டிருந்த பையன்களில் ஒருவராம். பேச்சுக்கு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் அவர் நிறுத்தவே இல்லை. நாங்களும் நிறுத்தச் சொல்லவில்லை.

ரயில் ஏன் அடிக்கடி நிற்கிறது என்று என் மகள் கேட்டாள். "பின்னால் வருகிறவர்கள் 125 மைலில் வருகிறார்கள், நமக்கு அனுமதி 75தான், ஒதுங்கித்தானே ஆக வேண்டும்" என்றார். பக்கத் தண்டவாளத்தில் நிற்கும்போது மின்சார ரயில் ஒன்று சடாரென்று கடந்தது. மேசை மேல் இருந்த தேநீர் ஆடியது.

தண்ணீர் பிடிக்கவும் நிற்க வேண்டும். அந்தக் காலத்தில் தண்டவாளங்களுக்கு நடுவே நீளமான தொட்டிகள் இருக்குமாம். இன்ஜின் ஓடிக்கொண்டே அடியிலிருந்து ஒரு குழாயை இறக்கி அள்ளிக்கொள்ளுமாம். 1928இல் லண்டனிலிருந்து எடின்பரோ வரை 392 மைலை எங்கும் நிற்காமல் ஓட முடிந்தது அப்படித்தான். அவ்வளவு தூரத்தை ஒரே ஓட்டுநரால் ஓட்ட முடியாதே? நைஜல் கிரெஸ்லி என்ற பொறியாளர், கரியும் தண்ணீரும் வைக்கும் வண்டிக்குள்ளேயே ஒரு ஆள் நுழைகிற மாதிரி நடைவழி அமைத்துக் கொடுத்தார். பயணிகள் பெட்டியில் ஓய்வெடுத்த இன்னொரு ஓட்டுநரும் கரி போடுபவரும் அது வழியாகப் போய் மாற்றிக்கொள்வார்கள். இன்று அந்தத் தொட்டிகள் இல்லை. லாரியில்தான் தண்ணீர் வருகிறது, சென்னைக் கோடை போல.

பீட்டர்பரோ தாண்டியதும் ஸ்டோக் ஏற்றம். அதுவரை தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்துவிட்டார்கள். சத்தம் கனத்து, ஒவ்வொரு மூச்சும் தனித்தனியாகக் கேட்கிறது. 1938 ஜூலை 3 அன்று மல்லார்ட் என்ற இன்ஜின் மணிக்கு 126 மைல் தொட்டது இதே இடத்தில்தான், ஆனால் எதிர்த்திசையில், இறக்கத்தில். நீராவி இன்ஜின்களின் உலக சாதனை அது. சாதனை முடிந்த கையோடு ஒரு தாங்கி (பேரிங்) சூடேறிப் பழுதாகி, லண்டன் வரை போகாமல் பீட்டர்பரோவிலேயே கழற்றிவிட்டார்கள் என்று பெரியவர் சொன்னபோது அவர் முகத்தில் தன் வீட்டுப் பிள்ளையைப் பற்றிச் சொல்கிற வருத்தம்!

அந்த மல்லார்டை யார்க் நிலையத்துக்குப் பக்கத்திலேயே, தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். நுழைவுக் கட்டணம் கிடையாது. எங்களுக்குக் கிடைத்த நேரம் முழுவதும் அங்கேயே போய்விட்டது. 1877இல் திறந்த யார்க் நிலையத்தின் வளைந்த கூரையையும் நிமிர்ந்து பாருங்கள், அதற்குக் காசு இல்லை.

சில நடைமுறை விஷயங்கள். வெள்ளைத் துணி வேண்டாம், ஜன்னல் திறந்திருந்தால் கரித்தூள் வரும். பழைய பெட்டிகள், படி உயரம், கதவு ஒடுக்கம். முழங்கால் வலி உள்ளவர்களை அழைத்துப் போவதானால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சாப்பாட்டு வகுப்பு விலை கண்ணைக் கட்டும். நாங்கள் புளியோதரை கட்டிக்கொண்டு போனோம். பெரியவர் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

லீட்ஸ் உறுப்பினர்:

யார்க் விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. மூன்று மணி நேரம் போதும், கடைத்தெருவில் நுழையாமல் இருந்தால். நிலையத்துக்கு எதிரிலேயே கோட்டைச் சுவர் மேல் ஏறி லெண்டல் பாலம் வரை நடங்கள், மின்ஸ்டர் தேவாலயம் கண்முன் நிற்கும். உள்ளே கிழக்குச் சாளரம் ஒன்று போதும். 1405 முதல் 1408 வரை மூன்றே ஆண்டுகளில் ஜான் தார்ன்டன் செய்து முடித்த கண்ணாடி அது. வெளியே கான்ஸ்டன்டைன் சிலை. 306இல் அவரை ரோமப் பேரரசராக அறிவித்தது இந்த ஊரில்தான்.

ஆனால் என் ஓட்டு செட்டில் ஊரிலிருந்து கார்லைல் வரை போகும் ரயில் பாதைக்கு. 1876இல் பயணிகளுக்குத் திறந்தார்கள், 72 மைல், ஏறத்தாழ முழுக்க மலை. வழியில் வரும் ரிபிள்ஹெட் பாலத்துக்கு 24 வளைவுகள். அதைக் கட்டியவர்கள் கீழே சதுப்பு நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்தார்கள். விபத்திலும் அம்மையிலும் செத்தவர்களை அருகிலுள்ள சேப்பல்-லி-டேல் தேவாலயத்தில் புதைத்தார்கள். எங்கள் பெட்டியில் பாலம் வந்ததும் எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்து படம் எடுத்தார்கள், சரி, நானும்தான்.

1980களில் இந்தப் பாதையை மூடப் பார்த்தார்கள். ஆயிரக்கணக்கானோர் ஆட்சேபம் எழுதினார்கள். போராடியவர்களில் ஒருவரான கிரஹாம் நட்டாலின் நாய் ரஸ்வார்ப்பும் மனுவில் பாதத்தைப் பதித்தது, காசு கொடுத்துப் பயணம் செய்த 'பயணி' என்ற கணக்கில்! 1989இல் மூடும் திட்டத்தைக் கைவிட்டார்கள். அடுத்த ஜனவரியில் நட்டால் வேல்ஸ் மலையில் இறந்தபோது, பதினொரு வாரம் உடலை விட்டு அகலாமல் இருந்தது அந்த நாய். இதே பாதையில் உள்ள கார்ஸ்டேல் நிலைய மேடையில் அதற்கு வெண்கலச் சிலை வைத்திருக்கிறார்கள். ரயில் வேகத்தில் சட்டென்று கடந்துவிடும், தயாராக இருங்கள்.

கார்லைலில் கோட்டை பாருங்கள். 1568இல் ஸ்காட்லாந்து அரசி மேரியை அடைத்து வைத்த இடம்.

ஒரு எச்சரிக்கை. வறண்ட கோடையில் தீப்பொறி பயத்தால் நீராவிக்குப் பதில் டீசல் இன்ஜின் மாட்டிவிடுவார்கள். எங்களுக்கு அதுதான் நடந்தது, பணம் திரும்ப வரவில்லை. பதிவு செய்யும்போது அந்த விதியைப் படியுங்கள். மே அல்லது அக்டோபர் நல்லது.

நியூகாசில் உறுப்பினர்:

யார்க்குக்கு வடக்கே இருக்கும் டர்ஹமை யாரும் சொல்லவில்லையே! வடக்கே போகும்போது வலப்பக்கம் உட்காருங்கள். 1857இல் திறந்த பாலத்தின் மேல் ரயில் மெதுவாக ஏறும்போது தேவாலயமும் கோட்டையும் சேர்ந்து தெரியும். தேவாலயம் 1093இல் தொடங்கிய கட்டடம். உள்ளே, ஆங்கிலேயரின் பழைய வரலாற்றை எழுதிய பீட் துறவியின் கல்லறை இருக்கிறது. நிலையத்திலிருந்து இறங்கும் சரிவு செங்குத்து, திரும்ப ஏறவும் வேண்டும்.

சென்னை உறுப்பினர்:

லீட்ஸ் பெயர் வந்ததால் கேட்கிறேன். பெரம்பூர் பணிமனையில் 2010இல் சரிசெய்து ஓட்டிய இஐஆர்-21 என்ற பழைய நீராவி இன்ஜின் 1855இல் லீட்ஸில் கிட்சன் நிறுவனத்தார் செய்தது. எழும்பூரிலிருந்து கோடம்பாக்கம் வரை ஓடியபோது பார்த்தேன். அந்தத் தொழிற்சாலை இருந்த இடத்தில் இப்போது ஏதாவது மிச்சம் இருக்கிறதா? அடுத்த வருடம் மகன் வீட்டுக்கு வருகிறேன்.

லீட்ஸ் உறுப்பினர்:

வாங்க ஐயா. அந்தத் தொழிற்சாலை ஹன்ஸ்லெட் பகுதியில் இருந்தது. வரும் தேதியை எழுதுங்கள், கூடவே நடந்து வருகிறேன்.