சப் காண்ட்ராக்ட் பில் பாக்கி, எந்த வழில போறது?

வணக்கம் அண்ணன்மாரே, காரைக்குடி பக்கம் பழைய செட்டிநாட்டு வீடு ஒண்ண ஹோட்டலா மாத்துற வேலைல ஆத்தங்குடி டைல்ஸ் பதிக்கிறதும் சுண்ணாம்பு பூச்சும் சப் காண்ட்ராக்ட்டா எடுத்து செஞ்சேன், போன வருஷமே ஹோட்டல் திறந்தாச்சு, ஆனா மெயின் காண்ட்ராக்டர் 4 லட்சத்து சொச்சம் பாக்கி வச்சுக்கிட்டு ஓனர் தரல தரலனு இழுக்குறாரு, ஓனர கேட்டா அவருக்கு எப்பவோ செட்டில் பண்ணியாச்சுங்குறாங்க. அக்ரிமெண்ட் கிடையாது. ஒர்க் ஆர்டர் வாட்ஸ்அப்ல தான், அளவு பில்லுல சைட் இன்ஜினியர் கையெழுத்து இருக்கு, பாதி பணம் பேங்க்ல வந்துருக்கு. இது கோர்ட்டுக்கு போதுமா?

உத்யம் பதிவு (சிறு தொழிலுக்கான அரசு பதிவு) வேலைக்கு முன்னாடியே இருக்கு. 2006 எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர தொழில்) சட்டப்படி 45 நாளுக்கு மேல இழுத்தா கூட்டு வட்டியோட கேக்கலாம், அந்த சட்டத்துல பாக்கி தகராறு பாக்குற அரசு கவுன்சில்ல ஆன்லைன்ல புகார் போடுங்கனு ஆடிட்டர் சொல்றாரு. வக்கீலோ ஒர்க்ஸ் காண்ட்ராக்ட்டுக்கு அது செல்லுமாங்கிறதே தகராறு, நோட்டீஸ் விட்டு சிவில் சூட் போடுவோம், 3 வருஷம் தாண்டிறக்கூடாதுங்குறாரு. போலீசுக்கு போனு சொல்றவங்க தான் ஜாஸ்தி (பணத் தகராறா, சிவில்ல பாத்துக்கனு தான் அனுப்புவாங்க, எனக்கு நம்பிக்கை இல்ல).

கவுன்சில் வழியா யாராச்சும் பணம் வாங்கிருக்கீங்களா? ஓனரையும் சேத்து கேஸ் போட முடியுமா? கொத்தனாருங்க கூலிக்கு நகைய அடகு வச்சு குடுத்துட்டேன், வட்டி ஏறுது. சிவகங்கை மாவட்டத்துல இந்த கேஸ் பாத்த வக்கீல் தெரிஞ்சா இன்பாக்ஸ்ல சொல்லுங்க.