ப்ராஜெக்ட்: ஒரே சொல்லுக்கு இரண்டு இடத்தில் புள்ளியா?

மைப்புள்ளி: அவசரம். பயிற்சி நூல் நாளைக் காலை அச்சுக்குப் போகிறது. வரி முடிவில் 'ப்ராஜெக்ட்' (project) என்ற ஆங்கிலச் சொல் உடைகிறது. அகராதியில் சொல்லைப் பிரித்துக் காட்டும் புள்ளி ஓரிடத்தில் ஓ எழுத்துக்குப் பின், இன்னோரிடத்தில் ஜே எழுத்துக்குப் பின். அச்சுப் பிழையா? எதை எடுத்துக்கொள்வது?

கரும்பலகை: எந்த அகராதி? அமெரிக்க அகராதியா, பிரிட்டிஷ் அகராதியா? உங்கள் வரியில் அது பெயரா, வினையா?

வேர்ச்சொல்: பிழைதான். லத்தீனில் 'ப்ரோ' முன்னே, 'ஜெக்ட்' எறிதல். ரிஜெக்ட், இன்ஜெக்ட் எல்லாம் அதே வேர். ஜே எழுத்தை வேரிலிருந்து பிய்க்கவே கூடாது.

பழைய மெய்ப்பு: இதை இங்கே எத்தனை முறை விளக்குவது? அகராதியின் முன்னுரையை யாரும் படிப்பதில்லை. அந்தப் புள்ளி வரியை உடைக்க மட்டுமே. உச்சரிப்பு சாய்கோடுகளுக்கு நடுவே தனியாக இருக்கிறது.

கரும்பலகை: ஐயா சொல்வது சரி. ஆனால் இங்கே புள்ளி இடம் மாறுவதற்குக் காரணம் அழுத்தம். மெரியம்-வெப்ஸ்டர் என்ற அமெரிக்க அகராதி ஒலியைப் பார்த்துப் பிரிக்கிறது. பெயர்ச்சொல்லில் அழுத்தம் முதல் அசையில் விழுகிறது, ஜே அதனோடு ஒட்டிக்கொள்கிறது: பி-ஆர்-ஓ-ஜே / ஈ-சி-டி. வினைச்சொல்லில் அழுத்தம் இரண்டாம் அசைக்குப் போகிறது, ஜே எழுத்தும் கூடவே போகிறது. ரெக்கார்ட், பிரசென்ட் இரண்டும் இப்படித்தான். வகுப்பில் மேசையைத் தட்டியபடி இரண்டு விதமாகவும் சொல்ல வைப்பேன். நான்கைந்து முறை தட்டியதும் பிள்ளைகளின் காதுக்கே பிடிபட்டுவிடும்.

நிரைநேர்: நம் யாப்பில் ஒற்று முன்னெழுத்தோடுதான் சேரும். ஆங்கிலத்துக்கும் அதையே வைத்துக்கொள்ளலாம். நம் நாளிதழ்களில்தான் 'க' மேல் வரியிலும் 'ட்டிடம்' கீழ் வரியிலும் கிடக்கின்றன. கண்ணை உறுத்துகிறது.

பழைய மெய்ப்பு: குறுகிய பத்தியில் வேறு வழியில்லை, தம்பி. பக்கம் கோத்துப் பார்த்தால் தெரியும்.

நிரைநேர்: கோத்திருக்கிறேன் ஐயா. அந்த 'ட்' எழுத்தை மேலே ஏற்றினால் போதும். ஓர் எழுத்துக்கா இடமில்லை?

வேர்ச்சொல்: வினையில் புள்ளி நான் சொன்ன இடத்தில்தானே வருகிறது?

அச்சுக்கோப்பு: பக்கம் கோக்கும் டெக் (TeX) மென்பொருளின் ஆங்கில விதிவிலக்குப் பட்டியலில் 'ப்ராஜெக்ட்', 'பிரசென்ட்' இரண்டும் எங்குமே உடைக்கக் கூடாதவை. பெயரா வினையா என்பது அதற்குத் தெரியாதே. எந்த மென்பொருளில் கோக்கிறீர்கள்?

மைப்புள்ளி: பெயர்ச்சொல்தான், சொல்ல மறந்துவிட்டேன். முன்னால் ஒரு சொல்லைக் குறைத்து, முழுச் சொல்லையும் ஒரே வரியில் நிறுத்திவிட்டேன். நன்றி.